பத்துக் கிலோ ஸ்பிரிங் போடலாமா?

ரோட்டிலும் ஓட்ட வேண்டும், டிராக்கிலும் ஓட்ட வேண்டும், சஸ்பென்ஷன் எவ்வளவு ஸ்டிஃப்பாக இருக்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை தனிக் கட்டாகவே சேர்ந்துவிட்டன. டர்போ, பெயின்ட், பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது சின்ன கூபே. முன்பக்கம் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் வகை), நானும் உட்கார்ந்தால் மொத்த எடை 1,300 கிலோ, அதில் 53 சதவீதம் முன்பக்கம். தினமும் ஆபீஸுக்கு இதே கார்தான், மாதம் ஒருமுறை டிராக். நன்றாக ஓட்டும் நண்பர் ஒருவர் தன் காரில் முன்னால் 10 கிலோ ஸ்பிரிங் போட்டிருக்கிறார், அவர் கார் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலேயும் கீழேயும் இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் வகை). நானும் 10 கிலோ போடலாமா?

பதில்: போடாதீர்கள். நண்பர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்லவில்லை, அவர் காருக்கு அது சரியாகவே இருக்கலாம். உங்கள் காரில் அதே ஸ்பிரிங் வேறு வேலை செய்யும், அதுதான் சிக்கல்.

10 கிலோ ஸ்பிரிங் என்றால் அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 10 கிலோ பாரம் வேண்டும். இது ஸ்பிரிங்கைத் தனியாக வைத்து அளந்த கணக்கு. காரில் மாட்டிய பிறகு அதில் எவ்வளவு சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது ஸ்பிரிங் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. டபுள் விஷ்போனில் பெரும்பாலும் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் நடுவாக்கில்தான் ஊன்றியிருக்கும். சக்கரம் 10 மி.மீ மேலே ஏறினால் ஸ்பிரிங் 6.5 மி.மீ அளவுக்குத்தான் அமுங்கும் என்று வையுங்கள். அமுக்கமும் குறைவு, அந்தக் குறைந்த விசையும் நெம்புகோல் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறது, ஆகவே 0.65-ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும்: 0.42. நண்பரின் 10 கிலோ, சக்கரத்தில் வெறும் 4.2 கிலோ. உங்கள் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் சக்கரத்தோடு ஏறத்தாழ நேராகவே ஏறி இறங்குகிறது, விகிதம் 0.95 பக்கம் வரும், இரண்டு தடவை பெருக்கினால் 0.9. அதாவது சக்கரத்தில் 9 கிலோ. ஒரே ஸ்பிரிங், உங்கள் காரில் இரண்டு மடங்குக்கும் மேல் ஸ்டிஃப்.

அதனால்தான் கிலோவைப் பார்க்காதீர்கள், ஹெர்ட்ஸைப் பாருங்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். கார் ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற கணக்கு அது. சக்கரத்துக்கு வரும் ஸ்டிஃப்னஸை நியூட்டன்/மீட்டரில் எழுதி, அந்த மூலை தாங்கும் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் வந்துவிடும், கால்குலேட்டர் போதும். உங்கள் காரில் முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு 345 கிலோ. அதில் சக்கரம், பிரேக், ஹப் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது ஒரு 40 கிலோவைக் கழித்தால் 305. இதற்கு 10 கிலோ ஸ்பிரிங் போட்டால் 2.7 ஹெர்ட்ஸ் வருகிறது. நண்பர் காரும் இதே எடை என்றால் அவருக்கு 1.9-க்குள்தான்.

சாதாரணக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ரோடும் டிராக்கும் கலந்து ஓட்டுகிற காருக்கு 1.7-இலிருந்து 2.2 வரை பேசலாம். இறக்கை இல்லாத ரேஸ் கார்கள் 2-இலிருந்து 2.5, அதைக் கொஞ்சம் தாண்டியும் போகும். காற்றின் அழுத்தத்தை நம்பி ஓடுகிறவை 3-க்கு மேல். நீங்கள் 2.7-ஐ மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகப் போகிறீர்கள்.

இதில் முதுகுவலியைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. 2.7 ஹெர்ட்ஸில் உங்கள் ஸ்பிரிங் காரின் எடையால் அமுங்கியிருப்பது 34 மி.மீ அளவுக்குத்தான். ரோட்டில் ஒரு பள்ளம் வந்து சக்கரம் அந்த அளவு கீழே இறங்க வேண்டி வந்தால் ஸ்பிரிங்கில் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை, டயர் ரோட்டை லேசாகத் தடவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பிரேக்கில் கால் இருந்தால் ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கும், கார் நிற்காது. 5 கிலோ ஸ்பிரிங்கில் இதே அளவு 68 மி.மீ. மோசமான ரோட்டில் இந்த வித்தியாசம்தான் காரைக் காப்பாற்றும்.

உங்களுக்கு என் பதில் 4.5 முதல் 5.5 கிலோ வரை. 5 வாங்கினால் 1.9 ஹெர்ட்ஸ், நண்பர் டிராக்கில் அனுபவிக்கிற அதே ஸ்டிஃப்னஸ்தான் உங்களுக்கும் கிடைக்கும். வாங்கும் முன் 0.95 என்று நான் சொன்னதை உங்கள் காரில் ஒருமுறை அளந்துவிடுங்கள்: ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக் வைத்துச் சக்கரத்தை 20 மி.மீ உயர்த்தி, ஷாக் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தால் போதும். பின்பக்கத்துக்குக் கண்டிப்பாகத் தனியாக அளக்க வேண்டும், பல கார்களில் அங்கே ஸ்பிரிங் ஒரு இடம், ஷாக் வேறு இடம்.

கேள்வி: எவ்வளவு ஸ்டிஃப்போ அவ்வளவு கிரிப் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ரேஸ் கார்கள் துளிகூடச் சாய்வதில்லையே?

பதில்: சாய்வதற்கும் பாரம் மாறுவதற்கும் இடையில்தான் குழப்பம். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு பாரம் போகும் என்பது காரின் எடை, எடைமையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம், திருப்பத்தின் வேகம் இவற்றால் வருவது. ஸ்பிரிங்கைக் கருங்கல்லாக மாற்றினாலும் அந்த மொத்தம் அனேகமாக அப்படியேதான் இருக்கும். ஸ்பிரிங் செய்வது, அந்த மொத்தத்தில் முன்பக்கம் எவ்வளவு பின்பக்கம் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைத்தான்.

அப்படியானால் ஸ்டிஃப்பாக்கி என்ன லாபம்? லாபம் இருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே கேட்கும். ஸ்ட்ரட் கார்களில் உடல் சாயச் சாய வெளிப்பக்க டயரின் நிற்பு கெட்டு ஓரத்தில் தேயும், சாய்வைக் குறைத்தால் அது குறையும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தாது. இவை எல்லாம் ஓரளவு வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் ரோட்டின் ஒவ்வொரு மேடும் டயரின் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும், பாரம் இப்படி ஏறி இறங்குகிற டயர் சீரான பாரத்தில் உருளுகிற டயரைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான் என்பதையும் மறந்துவிடுகிறோம், அதன் ஸ்டிஃப்னஸ் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ, ஆனால் அதை அடக்க ஷாக் எதுவும் கிடையாது. சஸ்பென்ஷன் அசையவே மாட்டேன் என்று நின்றுவிட்டால் கார் டயர்மேல் பந்து மாதிரி துள்ளும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஷாக் சும்மா வேடிக்கை பார்க்கும்.

ரேஸ் காரின் கதை வேறு. இறக்கையும் தரையும் சேர்ந்து காரைக் கீழே அமுக்குகின்றன, உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் அந்த அழுத்தம் மாறிப்போகிறது, அதனால் வேறு வழியில்லாமல் ஸ்டிஃப்பாக வைக்கிறார்கள். ஓடுவதும் மழமழவென்ற தரையில். அப்படிப்பட்ட கார்களை ஓட்டி ஏழு முறை உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் 2007-இல் வந்த ஃபெராரி 430 ஸ்குடேரியாவின் உருவாக்கத்தில் உதவியபோது, கார் முழு ரேஸ் மோடில் இருந்தாலும் டாம்பரை, அதாவது ஷாக்கை, மட்டும் மென்மையாக்கிக்கொள்ள ஒரு வசதி அதில் வந்தது. கரடுமுரடான ரோட்டில் வேகமாகப் போக அதுதான் உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றும் ஃபெராரி கார்களில் அந்த பட்டன் இருக்கிறது.

கேள்வி: காயிலோவரில் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் ஸ்டிஃப் ஆகுமா?

பதில்: ஆகாது. 6 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு திருகினாலும் 6 கிலோதான். வளையம் ஏறினால் கார் உயரும், அவ்வளவுதான். சில செட்டுகளில் உயரத்துக்குத் தனி வளையம் இருக்கும், அவற்றில் ஸ்பிரிங் வளையத்தை இறுக்கினால் ஷாக் கம்பி கீழே நீள மிச்சமிருக்கும் இடம்தான் குறையும். கார் கடினமாகிவிட்ட மாதிரி தோன்றுவது அதனால்தான்.

கேள்வி: ஷார்ட் ஸ்பிரிங் போட்டு 40 மி.மீ இறக்கினேன், ஷாக் கம்பெனியில் வந்ததுதான். முன் சக்கர டிரைவ், முன்னால் ஸ்ட்ரட். ரோட்டில் பரவாயில்லை. டிராக்கில் ஒரு நீண்ட திருப்பத்தில் நடுவில் லேசான மேடு இருக்கிறது, அங்கே மட்டும் ஸ்டீயரிங் செத்துப்போய்க் கார் நேராக வெளியே ஓடுகிறது. இன்னும் ஸ்டிஃப்பாக வேண்டுமா, சாஃப்டாக வேண்டுமா?

பதில்: கடிதத்தில் பதிலும் சேர்ந்தே வந்திருக்கிறது: "அங்கே மட்டும்." உங்கள் முன்பக்கம் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கிறது.

ஷாக்கின் கம்பியில் மேலே ஒரு ரப்பரோ ஃபோமோ கோர்த்திருக்கும். ஷாக் முழுக்க உள்ளே போகும் கடைசி நேரத்தில் இரும்போடு இரும்பு மோதாமல் தாங்குவது அதன் வேலை. 40 மி.மீ இறக்கியபோது ஷாக்கின் நீளம் குறையவில்லை, மேலே ஏற இருந்த இடத்தில் 40 மி.மீ போய்விட்டது. திருப்பத்தில் வெளிப்பக்கம் ஏற்கெனவே அமுங்கி அந்த ஃபோமைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மேட்டில் ஏறியதும் முழுசாக அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது, அந்த நொடியில் உங்கள் 3 கிலோ ஸ்பிரிங் 20, 30 கிலோ ஸ்பிரிங்காக மாறிவிடுகிறது. முன்பக்கம் திடீரென்று அத்தனை ஸ்டிஃப் ஆனால் பாரமெல்லாம் வெளி முன் டயரில் குவிந்து அது கை விட்டுவிடும்.

சரிபார்ப்பது சுலபம். முன் ஷாக்குகளின் கம்பியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்காமல் கட்டி, ஷாக்கின் வாய்வரை கீழே தள்ளிவிட்டு நாலு லேப் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கம்பி உள்ளே போகப்போக ஷாக்கின் வாய் டையை மேலே தள்ளி வைத்திருக்கும். டை போய் ஃபோமை ஒட்டி நசுங்கிக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபோமுக்கு முன்னால் 10, 15 மி.மீ மிச்சம் இருந்தால் நான் சொன்னது தப்பு, வேறு இடத்தில் தேட வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும் இந்த டை கம்பியிலேயே இருக்கட்டும், மெக்கானிக் வாயால் சொல்வதைவிட அது நிறையச் சொல்லும்.

தீர்வு, முதலில் 15, 20 மி.மீ மேலே ஏற்றுவது. கார் பார்க்க அழகாக இல்லை என்று மனசு கஷ்டப்படும், லேப் டைம் குறையும். ஸ்ட்ரட் கார்களை அதிகம் இறக்குவதில் இன்னொரு வம்பும் உண்டு. கீழ் ஆர்ம் படுத்த நிலையைத் தாண்டி வெளிநுனி மேலே பார்க்க ஆரம்பித்தால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும், அதனால் இறக்கிய கார் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க இன்னும் ஸ்டிஃப் ஸ்பிரிங், அதைத் தாங்க இன்னும் ஸ்டிஃப் ஷாக் என்று செலவு நீண்டுகொண்டே போகும். இறக்கியே தீர வேண்டும் என்றால் உடம்பு குட்டையான ஷாக்கோடு வரும் செட்டாக வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போடும் யோசனை யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள், வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தைவிட்டே நழுவலாம்.

கேள்வி: ஸ்பிரிங்கைத் தொடாமல் ஆன்டி ரோல் பாரை (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) மட்டும் தடிமனாக மாற்றினால் போதுமா?

பதில்: நிறையப் பேருக்கு இதுவே போதும். இரண்டு சக்கரமும் சேர்ந்து வேகத்தடையில் ஏறும்போது பார் சும்மா சுழலும், சாயும்போதுதான் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். அதனால் ரோட்டில் சொகுசு பெரிதாகக் கெடாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் அடுத்த பக்கத்தையும் இழுத்துக்கொண்டு கார் தலையாட்டும், அது இதற்கான விலை.

எந்தப் பக்கம் போடுவது என்பதில் கவனம். முன்னால் தடித்தால் முன்பக்கம் வழுக்கும், பின்னால் தடித்தால் பின்பக்கம் வழுக்கும். முன் சக்கர டிரைவ் கார்கள் பொதுவாக முன்பக்கமே வழுக்குபவை, ஆகவே பின் பாரைத் தடிப்பது வழக்கம். உள் பின் சக்கரம் திருப்பத்தில் தரையைவிட்டு எழும்பினாலும் அவற்றுக்குப் பிரச்சினையில்லை. பின் சக்கர டிரைவில் சாதாரண டிஃபரென்ஷியலை (இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்) வைத்துக்கொண்டு இதைச் செய்தால் உள் சக்கரம் அந்தரத்தில் சுழன்று கார் இழுக்காது. மழை நாளில் டிராக்குக்குப் போனால் பாரைத் தளர்த்துங்கள், பின் பாரில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் முனையிலிருக்கும் துளைக்கு மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை.

கேள்வி: 30 கிளிக் உள்ள டாம்பர் வாங்கியிருக்கிறேன், ஸ்பிரிங் ரேட் பழையதைப்போல் இரண்டு மடங்கு. எத்தனையாவது கிளிக்கில் வைப்பது? பின் ஸ்பிரிங் முன்னைவிட ஸ்டிஃப்பா, சாஃப்டா?

பதில்: ஸ்பிரிங் இரண்டு மடங்கு ஆனால் அதே அளவுக்கு அடக்க டாம்பர் 1.4 மடங்கு பலமாக இருக்க வேண்டும், வர்க்கமூலக் கணக்கு. பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங்கைப் போடுகிறவர்கள் கார் ஒரு மேட்டுக்கு மூன்று முறை ஆடுகிறது என்று புலம்புவது இதனால்தான். உங்களிடம் இருப்பது ஒரே திருகு உள்ள டாம்பர் என்றால் அது பெரும்பாலும் ரீபவுண்டைத்தான், அதாவது ஷாக் நீளும்போது உள்ள தடையைத்தான் அதிகம் மாற்றும்.

கிளிக்கை எப்போதும் முழுக்க இறுக்கிய நிலையிலிருந்து எண்ணுங்கள், தளர்ந்த முனை ஒவ்வொரு ஷாக்கிலும் ஒவ்வொரு மாதிரி முடியும். நடுவில் ஆரம்பித்து, தெரிந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். மேடு தாண்டிய பிறகும் உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். மேடுமேடாக வரும் இடத்தில் கார் படிப்படியாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போகிற மாதிரி இருந்து, கடைசி மேட்டில் மட்டும் நங்கென்று இடித்தால் ரீபவுண்ட் அளவுக்கு மீறிவிட்டது, ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் கீழே இறங்க முடியாமல் தவிக்கிறது. இதை ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப் என்று தப்பாக நினைத்து ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் அதிகம். ரோட்டுக்கு எட்டு, டிராக்குக்கு ஐந்து என்கிற மாதிரி உங்களுக்குப் பொருந்துகிற இரண்டு எண்களைக் கண்டுபிடித்துக் கிளவ் பாக்ஸில் எழுதி வையுங்கள்.

பின் ஸ்பிரிங் விஷயத்தில் கிலோவை விடுங்கள், ஹெர்ட்ஸில் பேசுவோம். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி காரில் எடைகளை இடம் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்துக் கண்டது இது: மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது, பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தைப் பிடித்துவிடும், கார் முன்னும் பின்னும் குதிரையாட்டம் போடாமல் மட்டமாக ஏறி இறங்கும். ரோட்டுக்குப் பின்பக்கம் 10, 15 சதவீதம் கூடுதல் ஹெர்ட்ஸ் என்பது இன்றும் நல்ல ஆரம்பம். டிராக்கையே குறியாக வைப்பவர்கள் இதைத் தலைகீழாக்கி முன்பக்கத்தைக் கூட்டிக்கொள்வதும் உண்டு, பின் சக்கர டிரைவ் காரில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பின் டயர் நன்றாகப் பிடிக்க அது உதவும்.

கேள்வி: சாதாரண டயர்தான் இருக்கிறது. முதல் முறை டிராக்குக்குப் போகுமுன் காயிலோவர் வாங்கிவிடலாமா?

பதில்: பிரேக் பேட், புது பிரேக் ஆயில், நல்ல டயர், முன்பக்கம் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை சாயும் கோணம், மைனஸ் என்றால் உள்பக்கம்) மைனஸ் 2 டிகிரி பக்கம் வரும்படி ஒரு அலைன்மென்ட். இந்த வரிசையில். மிச்சக் காசில் டிராக் நாட்கள். சாதாரண டயர் பிடிக்கிற பிடிக்குக் கம்பெனி ஸ்பிரிங்கே போதும்.

கேள்வி: ரோட்டுக்கு ஒரு செட் ஸ்பிரிங், டிராக்குக்கு ஒரு செட் என்று மாற்றி மாற்றிப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

பதில்: தலைவலி அப்போதுதான் ஆரம்பிக்கும். ஸ்பிரிங் மாறினால் உயரம் மாறும், உயரம் மாறினால் கேம்பரும் டோவும் (சக்கரத்தின் முன்முனை உள்ளே, வெளியே பார்க்கும் அளவு) மாறும், அதனால் ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி ஸ்ட்ரட் போல்ட்டுகளும் மேல் மவுன்ட்டும் தேய்வது தனி. நடுவாந்தரமான ஒரு ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு டாம்பர் கிளிக், பார் துளை, டயர் காற்று இந்த மூன்றை மட்டும் டிராக்கில் மாற்றுங்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் போதவில்லை என்று நிஜமாகவே தோன்றுகிற அளவுக்கு ஓட்ட வந்துவிட்டதென்றால் இந்தக் காரை டிராக்குக்கே கொடுத்துவிட்டு, ஆபீஸுக்கு வேறு கார் பாருங்கள்.